மறிச்சுக்கட்டியில் சிப்பி பிரித்தவர், லண்டனில் புத்தகம் விற்றவர்

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரதேசத்தில் இருக்கிறது மறிச்சுக்கட்டி. 1906ஆம் ஆண்டின் முற்பகுதியில் இந்தக் கரையில் ஒரு தற்காலிக நகரமே எழுந்தது. முத்துச் சலாபம் நடந்த காலம் அது. அராபியர், தமிழர், சோனகர் என ஆயிரக்கணக்கான முத்துக்குளிப்போர் நூற்றுக்கணக்கான படகுகளில் கடலுக்குப் போய் வந்தார்கள். யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து அனுப்பப்பட்ட 25 வயது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், 'கொட்டு' எனப்பட்ட வேலியடைப்புக்குள் நின்று, வந்திறங்கும் சிப்பிகள் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்படுவதை மேற்பார்வை செய்தார். இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவருக்கு. அழுகும் சிப்பியின் நாற்றத்துக்கும் இலையான் கூட்டத்துக்கும் நடுவே இரவு பகலாக வேலை செய்த அந்த அதிகாரியின் பெயர் லெனாட் வூல்ப்.

உலகம் அவரை எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்ப்பின் கணவராகவே அறியும். நான் அவருடைய வாழ்க்கையைத் தேடி வாசித்ததற்குக் காரணம் வேறு. நிரந்தரச் சம்பளத்தை விட்டுவிட்டு, எழுதிக் கிடைக்கும் காசில் வாழத் துணிந்தவர் அவர். இன்றைய சொல்லில் ஒரு சுதந்திர ஊடகவியலாளர். நானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றபோது செய்தி எழுதவும் படம் பிடிக்கவும் சொல்லித் தந்தார்கள். எழுதியதை நாலு பேரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி, அதற்கு விலை கேட்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை.

எங்களுக்கு இதில் இரண்டு தடைகள் உண்டு. தன்னைத் தானே மெச்சுவது பிழை என்று வளர்க்கப்பட்டோம். அது ஒன்று. மற்றது போர் தந்தது. பெயர் போடாமல் எழுதுவதும், படம் எடுக்க விடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், யார் என்று கேட்டால் மழுப்புவதும் இங்கே உயிரோடு இருப்பதற்கான வழிகளாக இருந்தன. அப்படிப் பழகிய ஒருவரிடம் முகநூலில் பெயரையும் படத்தையும் போட்டு, நான் இன்னது செய்கிறேன் என்று எழுதச் சொன்னால் கை பின்வாங்கத்தான் செய்யும்.

வூல்ப்புக்கும் கை நடுங்கியது. உண்மையாகவே நடுங்கியது. தந்தை வழியில் வந்த நடுக்கம் அது. வாழ்நாள் முழுவதும் இருந்தது. 1880 நவம்பர் 25ஆம் திகதி லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 11 வயதில் தந்தையை இழந்தார். புலமைப்பரிசிலில் படித்து கேம்பிரிட்ஜ் போனார். 1904 இறுதியில் இலங்கை சிவில் சேவைக்கு வந்திறங்கியபோது வோல்டேயரின் நூல்கள் 90 தொகுதிகளும் ஒரு நாயும் கூட வந்தன. யாழ்ப்பாணத்தில் அவரை எல்லோரும் விரும்பவில்லை. குதிரைச் சவுக்கால் தமிழ்ச் சட்டத்தரணி ஒருவரை அவமதித்தார் என்று யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் அவர்மீது முறைப்பாடு செய்தது. அவர் அதை மறுத்தார். ஆனால் ஆளும் இனத்தவனாகக் குதிரையில் போகும் தன்னை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி அவரை விட்டுப் போகவில்லை.

1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். பின்னர் விடுமுறையில் ஊர் திரும்பியவர் 1912இல் பதவியைத் துறந்து, அதே ஆண்டு ஓகஸ்டில் வேர்ஜீனியாவை மணந்தார். கையில் பெரிய சேமிப்பு இல்லை. இலங்கையில் இருந்தபோது பந்தயச் சீட்டில் விழுந்த 690 பவுண்தான் முதல் கைப்பிடிப்பு. 1913இல் அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றிய அவருடைய நாவல் வெளிவந்தது. நல்ல பெயர் கிடைத்தது. அடுப்பு எரியும் அளவுக்குக் காசு கிடைக்கவில்லை. பத்திரிகைகளுக்கு நூல் மதிப்புரை எழுதினார். கூட்டுறவு இயக்கத்தைப் பற்றி ஊர் ஊராகப் போய் எழுதினார். ஃபேபியன் சங்கத்துக்காகச் சர்வதேச அரசாங்கம் பற்றி ஆய்வு செய்தார். துண்டு துண்டாக வந்த வேலைகளைச் சேர்த்து ஒரு வாழ்க்கையைக் கட்டினார்.

1917இல் இருவரும் ஒரு சிறிய கை அச்சு இயந்திரம் வாங்கினார்கள். விலை 20 பவுணுக்கும் குறைவு. அச்சுப் பள்ளி அவர்களைச் சேர்க்க மறுத்ததால், ஒரு கையேட்டைப் பார்த்துத் தாங்களே பழகினார்கள். நோயிலிருந்து மீண்டுகொண்டிருந்த வேர்ஜீனியாவுக்குக் கைவேலை நல்லது என்பதும் ஒரு காரணம். நடுங்கும் கையால் எழுத்துக் கோர்க்க முடியாது. ஆகவே வேர்ஜீனியா எழுத்துக் கோர்த்தார், லெனாட் இயந்திரத்தை இயக்கினார். ரிச்மண்டில் இருந்த அவர்களுடைய வீட்டின் பெயரால் அது ஹோகார்த் பிரஸ் ஆனது.

முதல் வெளியீட்டில் ஆளுக்கொரு கதை. அச்சிட்டது சுமார் 150 பிரதிகள். அதை எப்படி விற்றார்கள் என்பதுதான் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம். புத்தகக் கடைகளின் வாசலில் போய் நிற்கவில்லை. தெரிந்தவர்களின் பெயர்களை எழுதி ஒரு பட்டியல் போட்டார்கள். இன்ன புத்தகம் வருகிறது, இன்ன விலை என்று ஓர் அறிவித்தலை அச்சிட்டு அனுப்பினார்கள். பிறகு அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் முன்பணம் கட்டினார்கள். வரும் ஒவ்வொரு நூலும் அவர்களுக்குத் தானாகப் போகும். மற்றவர்களுக்கு அறிவித்தல் மட்டும் போகும், விரும்பினால் வாங்கலாம். இன்று மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் நாம் செய்யக்கூடியதை அவர்கள் தபால் முத்திரையோடு செய்தார்கள்.

1919இல் வேர்ஜீனியாவின் சிறுகதை ஒன்றைத் தனி நூலாக வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் ஆர்டர்கள் குறைவு. லண்டன் டைம்ஸின் இலக்கிய இணைப்பில் ஒரு நல்ல மதிப்புரை வந்தது. கிராமத்து வீட்டில் சில நாட்கள் இருந்துவிட்டுத் திரும்பியபோது, வாசல் தரை முழுக்க ஆர்டர் கடிதங்கள் விழுந்து கிடந்தன. தங்கள் இயந்திரத்தால் முடியாமல் வெளி அச்சகத்தில் மறுபதிப்புப் போட வேண்டியதாயிற்று. ஒரே நாளில் வந்த அதிர்ஷ்டம் போலத் தோன்றும். ஆனால் மதிப்புரைக்குப் பிரதியை அனுப்பி வைத்ததும், கடிதம் வந்து சேர ஒரு விலாசம் இருந்ததும் அதற்கு முன்பே செய்து முடித்த வேலைகள்.

1921இல் லெனாட் தன்னுடைய கீழைத்தேயக் கதைகள் மூன்றை அதே அச்சகத்தில் வெளியிட்டார். அவற்றில் ஒன்று முத்துக்குளிப்பு முகாமில் நடக்கிறது. மறிச்சுக்கட்டியின் நாற்றமும் மரணமும் அதிகாரத்தின் போலித்தனமும் அதில் இருக்கின்றன. வேறு பதிப்பாளர் கதவைத் திறக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தன் கதையைத் தானே அச்சிட்டு, தன் பட்டியலுக்குத் தானே அனுப்பினார். அதற்காக யாரும் அவரைத் தற்பெருமைக்காரர் என்று சொன்னதாக நான் வாசிக்கவில்லை. கணக்கெழுதும் பழக்கமும் அவரிடம் இருந்தது. இருவரும் எழுதிச் சம்பாதித்ததை ஆண்டுவாரியாகத் தன் சுயசரிதையிலேயே அச்சிட்டார். எழுத்துக்கு விலை உண்டு என்பதைச் சொல்ல அவர் கூச்சப்படவில்லை.

அவருடைய எல்லா எழுத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. 1938இல் பிரித்தானியத் தொழிற்கட்சியின் ஆலோசனைக் குழுவுக்கு இலங்கையின் அரசியலமைப்பு பற்றி ஒரு குறிப்பாணை எழுதினார். சிறுபான்மையினரின் பாதுகாப்புக்காகப் பரந்த அதிகாரப் பகிர்வையோ, சுவிற்சர்லாந்தைப் போன்ற சமஷ்டி முறையையோ பரிசீலிக்க வேண்டும் என்பது அதிலிருந்த யோசனை. தமிழரசுக் கட்சி தோன்றுவதற்கு 11 ஆண்டுகள் முன்பு எழுதப்பட்டது அது. குழுவின் கோப்புக்குள் போன அந்த எழுத்துக்கு ஹோகார்த் பிரஸ்ஸின் சந்தாதாரர் பட்டியல் போல ஒன்று இருக்கவில்லை. 1969 ஓகஸ்ட் 14ஆம் திகதி அவர் இறந்தார். தன் அரசியல் உழைப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மணித்தியாலங்கள் பயனில்லாமல் போயின என்று கடைசிக் காலத்தில் கணக்குப் பார்த்தார்.

அவருக்கு வெள்ளைத் தோலும் கேம்பிரிட்ஜ் நண்பர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. அவருடைய பட்டியலின் முதல் பெயர்கள் அங்கிருந்துதான் வந்தன. 1906இல் மறிச்சுக்கட்டிக் கடலில் மூச்சை அடக்கி இறங்கியவர்கள் எழுதிய ஒரு பக்கத்தைக்கூட நான் வாசித்ததில்லை. முகாமைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் கரையில் நின்று பார்த்தவர்கள் எழுதியவை.

இதே ஊரில் அது மீண்டும் நடந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், போர் முடிந்த பிறகு திரும்பி வந்தபோது ஊர் காடாகிக் கிடந்தது. 2015இல் தென்னிலங்கைத் தொலைக்காட்சிகளும் சமூக வலைத்தளங்களும் வில்பத்து பற்றிப் பேசத் தொடங்கின. காட்டைப் பற்றிய கவலை தவறானதல்ல. ஆனால் அந்தப் பேச்சில் இந்த மக்கள் காடழிப்பவர்களாக மட்டுமே நாட்டுக்குத் தெரியவந்தார்கள். 2017 மார்ச்சில் வனப் பிரகடன வர்த்தமானி வந்த பிறகு, அவர்கள் வாரக்கணக்கில் வீதியோரம் அமர்ந்து தங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே நம் எழுத்தை நாமே பகிர்வதை நான் விளம்பர ஆசை என்று கருதுவதில்லை. நம் ஊரைப் பற்றி இணையத்தில் தேடுபவருக்கு முதலில் யாருடைய சொல் கிடைக்கிறது என்பது இதில் தங்கியிருக்கிறது. பெயர் வெளியே வருவது இன்றும் ஆபத்தான விடயங்கள் உண்டு. அவற்றை எழுதுபவரே தீர்மானிக்கட்டும். மற்றவற்றுக்கு, வூல்ப் தம்பதியர் செய்த அளவு வேலை போதும். வெளிவந்த கட்டுரைகளை ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். என்ன எழுதுகிறீர்கள், எங்கிருந்து எழுதுகிறீர்கள் என்று மூன்று வரியில் சொல்லுங்கள். வாசிக்கக்கூடிய 20 பேரின் பெயரை எழுதி, அடுத்த கட்டுரையை அவர்களுக்கு நீங்களே அனுப்புங்கள். கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் தொகையைச் சொல்லுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும்.