பிரபுக்களை எழுதி வரி கட்டியவர்

'பிரிட்ஜர்டன்' பார்த்தவங்களுக்கு இந்த உலகம் அத்துப்படி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடனம், கடுகடு முகத்தோட ஒரு பிரபு, வாய்த்துடுக்கான ஒரு பொண்ணு, சுற்றிலும் ஊர்வம்பு. 'ரீஜென்சி ரொமான்ஸ்' என்ற இந்த வகைக்கு அஸ்திவாரம் போட்டவர் ஜார்ஜெட் ஹேயர்.

1902-ல் லண்டனின் விம்பிள்டனில் பிறந்தார். தம்பி போரிஸுக்கு ஹீமோபிலியா. அவனுக்குப் பொழுது போகணுமேன்னு 17 வயசுல ஒரு கதை சொன்னார். அதுதான் 1921-ல் 'தி பிளாக் மாத்' நாவலாக வந்தது.

1925-ல் அப்பா திடீர்னு இறந்துபோனார். இரண்டு மாசத்தில் ரொனால்ட் ரூஜியருடன் கல்யாணம். மாப்பிள்ளை மைனிங் இன்ஜினியர், நம்ம இனம்தான்! அவரோட வேலைக்காக டாங்கனிக்கா போய், காட்டுக்குள் புல் குடிசையில் இருந்துகொண்டே 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றி நாவல் எழுதினார். பிறகு கணவர் சுரங்க வேலையை விட்டார், சட்டம் படித்து 1939-ல் வக்கீலானார். அதுவரை குடும்பத்தைத் தாங்கினது பெரும்பாலும் ஜார்ஜெட்டின் பேனாதான்.

1935-ல் 'ரீஜென்சி பக்' வந்தது. மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு மனநலம் கெட்டதால், 1811 முதல் 1820 வரை மகன் அவர் சார்பில் ஆண்டார். அந்த ஒன்பது வருஷம்தான் ரீஜென்சி. அப்போதே வாழ்ந்த ஜேன் ஆஸ்டினுக்கு வண்டி, உடை, நடனத்தையெல்லாம் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. நூறு வருஷம் கழிச்சு எழுதின ஹேயருக்கு இருந்தது. அதனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரலாற்று நூல்களைச் சேர்த்தார். வண்டி வகை, தொப்பி, மெழுகுவர்த்தி விலை, அந்தக் காலத்துக் கொச்சைச் சொற்கள் எல்லாமே அவரோட நோட்டுகளில் இருந்தன. 1937-ல் வந்த 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி' நாவலில் வாட்டர்லூ போரை அவர் விவரித்த துல்லியத்தை இன்றும் புகழ்கிறார்கள்.

இந்தக் கதைகளில் கடைசியில் கல்யாணம் நடக்கும்னு முதல் பக்கத்திலேயே தெரியும். அப்புறம் ஏன் படிக்கிறோம்? அந்த உலகத்தின் விதிகள் அவ்வளவு இறுக்கம். ஒரே ஆளோட ரெண்டு தடவைக்கு மேல் ஆடினாலே பேச்சு கிளம்பும். கல்யாணமானா பெண்ணோட பணம் பொதுவா கணவனுக்குப் போகும், விவாகரத்து கிட்டத்தட்ட நடக்காத காரியம். தப்பான ஆளைக் கட்டினா ஆயுசுக்கும் அவ்வளவுதான். வாய்விட்டுப் பேச முடியாத இடத்தில் ஒரு பார்வைக்கும் ஒரு கிண்டலுக்கும் எடை கூடிடுது. ஹேயரின் நாயகிகளுக்கு ஆயுதமே அந்தக் கிண்டல்தான்.

புத்தகங்கள் லட்சக்கணக்கில் விற்றாலும் ஹேயர் பேட்டி கொடுத்ததில்லை. மனசுக்குள் வேறொரு ஆசை இருந்தது: இடைக்கால இங்கிலாந்தைப் பற்றி ஒரு பெரிய வரலாற்று நாவல். பல வருஷம் அதற்காக உழைத்தார். ஆனா வரி பாக்கி கழுத்தை நெரிக்கும், வாசகர்களும் இன்னொரு ரீஜென்சி கேட்பாங்க. ஒவ்வொரு தடவையும் அந்தக் கையெழுத்துப் பிரதி மேஜை அறைக்குள் திரும்பிப் போகும்.

1974 ஜூலை 4 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். 'மை லார்ட் ஜான்' என்ற அந்தக் கனவு நாவல் முடியாமலே 1975-ல் வெளியானது. இன்றைக்கு அதைத் தேடிப் படிப்பவர்கள் குறைவு. வரி கட்ட எழுதினவை இன்னும் அச்சில் இருக்கு, ஒரு தனி வகைக்கே தாயாகவும் இருக்கு.