அகதிகளுக்காக மேடையேறிய ஜோர்ஜ் ஹரிசன்

தலைமன்னாரிலும் பேசாலையிலும் படகேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் வரிசையில் நின்றவர்களுக்கு நிவாரணத்தின் அருமை தெரியும். அது தாமதித்தால் வரும் தவிப்பும் தெரியும். முகாம்களில் வாடிய இன்னொரு மக்களுக்காக நிதி திரட்டி, அந்தத் தாமதத்தோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர் இசைக்கலைஞர் ஜோர்ஜ் ஹரிசன்.

1943 பெப்ரவரி 25இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், பஸ் ஊழியர் ஒருவரின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். உலகப் புகழ்பெற்ற பீட்டில்ஸ் குழுவின் நால்வரிலும் இளையவர் அவரே. கிற்றார் கலைஞரான அவரைச் சித்தார் ஈர்த்தது. 1966இல் இந்தியா வந்து பண்டிட் ரவிசங்கரிடம் பயின்றார். அந்தக் குரு சீட உறவு ஆயுள்வரை நீடித்தது.

1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைப் பெரும்புயல் தாக்கி இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. 1971 மார்ச்சில் பாகிஸ்தான் இராணுவத்தின் படுகொலைகள் தொடங்கின. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை கடந்து இந்தியாவில் தஞ்சமடைந்தனர். முகாம்களில் பசியும் கொலராவும் உயிர்களைக் குடித்தன. அவ்வேளை இந்திய வான்பரப்பு மூடப்பட்டிருந்ததால், பாகிஸ்தான் விமானங்கள் இலங்கையில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன.

வங்காளியான ரவிசங்கர், நிதி திரட்ட ஒரு கச்சேரி நடத்த ஹரிசனின் உதவியை நாடினார். ஹரிசன் நண்பர்களை ஒவ்வொருவராக அழைத்தார். சில வாரங்களிலேயே, 1971 ஆகஸ்ட் 1இல், நியூயோர்க்கின் மடிசன் ஸ்குயர் கார்டன் அரங்கில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. சுமார் 40,000 பேர் திரண்டனர். முதலில் ரவிசங்கரும் அலி அக்பர்கானும் அல்லா ரக்காவும் வாசித்தனர். தொடர்ந்து ஹரிசனோடு பொப் டிலன், எரிக் கிளப்டன், ரிங்கோ ஸ்டார் முதலானோர் மேடையேறினர்.

அன்று பங்களாதேஷை எந்த நாடும் அங்கீகரித்திருக்கவில்லை. ஆயினும் நிகழ்ச்சிக்கு அந்தப் பெயரையே சூட்டினார்கள். அரசுகள் உச்சரிக்கத் தயங்கிய பெயர் வீடுகளின் வானொலிகளில் ஒலித்தது.

நுழைவுச்சீட்டுகளால் கிடைத்த சுமார் 243,000 டொலர் யுனிசெப்பிடம் சேர்ந்தது. இசைத்தட்டும் திரைப்படமும் அதைவிடப் பன்மடங்கு ஈட்டின. ஆனால் நிகழ்ச்சியை முன்கூட்டியே அறப்பணியாகப் பதிவுசெய்யாததால் அமெரிக்க வரித்துறையோடு சிக்கல் எழுந்து, பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. 1985 அளவில்தான் சுமார் 1.2 கோடி டொலர் போய்ச் சேர்ந்திருந்தது. முகாம்களில் பசித்திருந்த குழந்தைகள் அதற்குள் வளர்ந்துவிட்டார்கள். பலர் வளரவே இல்லை.

அதே 1985 ஜூலையில் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக லண்டனிலும் பிலடெல்பியாவிலும் நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சிக்கு முன்னோடி, ஹரிசன் அமைத்த அந்த மேடைதான்.

2001 நவம்பர் 29இல் புற்றுநோயால் தமது 58ஆவது வயதில் அவர் காலமானார். யுனிசெப்புடன் இணைந்து அவர் பெயரில் இயங்கும் நிதியம், இன்றும் இடருற்ற குழந்தைகளுக்கு உதவுகிறது.