ஆளும் தகுதி: லால் பகதூர் சாஸ்திரியின் வாழ்வு

தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் காலனியின் மாலைப் பேச்சுக்கள் யாவும் ஒரே வினாவில் வந்து முடிகின்றன. கட்சியை நடத்தத் தெரிந்தவர் நாட்டையும் நடத்த வல்லவர்தானா? ஒருவர் தலைவரின் நாவன்மையைச் சான்று காட்டுகிறார். ஒருவர் குடும்பப் பெருமையை நினைவூட்டுகிறார். வேறொருவர் கூட்டத்திற்கு வந்த மக்களின் தொகையை எண்ணிச் சொல்கிறார். வள்ளுவப் பெருந்தகையோ தெரிந்துதெளிதல் என்ற அதிகாரத்தில் வேறு வழி காட்டியிருக்கிறார். ஒருவரிடமுள்ள நிறையையும் குறையையும் ஒருங்கே ஆராய்ந்து, எது மிகுதியோ அதனைக் கொண்டே அவரை மதிப்பிட வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அம்முறையைத் துணைக்கொண்டு, 1964ஆம் ஆண்டில் இதே வினாவிற்கு இலக்கான லால் பகதூர் சாஸ்திரியின் வாழ்வை இவ்வாண்டு மலரில் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

அவர் 1904ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காசிக்கு அருகிலுள்ள முகல்சராயில் பிறந்தார். ஆசிரியராயிருந்து பின்னர் எழுத்தர் பணி ஏற்ற தந்தை, மகன் கைக்குழந்தையாயிருக்கும்போதே காலமானார். தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் வறுமையோடு வளர்ந்த சிறுவர், 1921இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டுப் பள்ளியை விட்டு வெளியேறினார். பின்னர் காசி வித்தியாபீடத்தில் பயின்று 1925இல் சாஸ்திரி பட்டம் பெற்றார். சாதியைக் காட்டும் பெயரை விலக்கியவருக்கு அப்பட்டமே பெயராய் நிலைத்தது. 1928இல் லலிதா அம்மையாரை மணந்தபோது, சீராக ஏற்றுக்கொண்டது ஓர் இராட்டையும் கதர்த் துணியுமே. விடுதலைப் போரில் பல முறை சிறை சென்றார்.

விடுதலைக்குப் பின் உத்தரப் பிரதேசத்தில் மந்திரியாகவும், 1952இல் மத்திய ரயில்வே மந்திரியாகவும் பொறுப்பேற்றார். ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் ஊருக்கு ரயிலேறும் நம் குடும்பங்கள் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்று அக்காலத்தில் நடந்தது. 1956ஆம் ஆண்டு மகபூப்நகரில் பாலம் இடிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது அவர் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதனை ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், நம் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தை வெள்ளம் அரித்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் வீழ்ந்தது. 140க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெள்ளம் மந்திரியின் குற்றமன்று. எனினும் துறையின் பொறுப்பு தம்முடையதென்று கூறி அவர் பதவி துறந்தார். இம்முறை நேரு அதனை ஏற்றார். பிறகு போக்குவரத்து, வாணிபம், உள்துறை எனப் பல பொறுப்புக்கள் அவரை நாடி வந்தன. 1963இல் காமராசர் திட்டத்தின்படி அவற்றையும் விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்பினார்.

1964ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் நேரு மறைந்தார். காங்கிரசின் தலைவராயிருந்த காமராசர், கட்சியின் பல திறத்தாரையும் கலந்து சாஸ்திரியின் பெயரை முன்வைத்தார். மொரார்ஜி தேசாய் போட்டியினின்று விலகினார். ஜூன் 9ஆம் நாள் பிரதமராகப் பதவியேற்றவரைக் கண்டு ஐயுற்றோர் பலர். உருவத்தில் சிறியவர், மென்குரலர், பெருங்குடியிற் பிறவாதவர். இவரா நேருவின் இடத்தை நிரப்புவார் என்று கேட்டனர். அவ்வாண்டே அவர் நெஞ்சு நோய்க்கும் ஆளானார்.

குறைகளையும் மறையாது கூறுவோம். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிரிமாவோ பண்டாரநாயக்காவுடன் அவர் செய்த ஒப்பந்தம், மலையகத் தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பங்கிட்டது. உழைத்து வாழ்ந்த அம்மக்களின் இசைவு கேட்கப்படவில்லை. 1965 ஜனவரியில் இந்தி ஆட்சிமொழியானபோது தமிழகம் கொந்தளித்தது. பல உயிர்கள் மாய்ந்தன. தில்லி அரசு விரைந்து அசையவில்லை. பிப்ரவரி 11ஆம் நாள் மத்திய மந்திரிகளான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தனர். அன்றிரவே சாஸ்திரி வானொலியில் பேசினார். இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழியைக் காப்பதாக வாக்களித்தார். இரு மந்திரிகளும் பதவியில் தொடர்ந்தனர். தாமதம் குறைதான், ஆயினும், எதிர்ப்பைக் கேட்டுத் தம் போக்கைத் திருத்திக்கொள்வதை அவர் இழிவாகக் கருதவில்லை.

நிறையையும் தட்டிலிடுவோம். நாடு அயல்நாட்டுக் கோதுமையை எதிர்பார்த்து நின்ற காலத்தில், உருக்குத் துறையிலிருந்த சுப்பிரமணியத்தை உணவுத் துறைக்குக் கொணர்ந்து, புதிய விதைக்கும் விவசாயிக்கேற்ற விலைக்கும் ஆதரவாக நின்றார். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தோன்றியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சையிலேயே அமைந்தது. வாரத்தில் ஒருவேளை உணவை விடுமாறு மக்களை வேண்டுமுன், தம் இல்லத்தாரை அவ்வாறு இருக்கச் செய்தார். 1965 செப்டம்பரில் பாகிஸ்தான் டாங்கிகள் சாம்ப் பகுதியில் புகுந்தபோது, லாகூர் முனையில் எல்லை கடக்கப் படைக்கு அனுமதி தந்தவரும் அந்த மென்குரலரே. போர் ஓய்ந்தபின் சமாதானத்தையும் அவர் அஞ்சவில்லை. 1966 ஜனவரி 10ஆம் நாள் தாஷ்கந்தில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வென்ற ஹாஜிபீர் கணவாயைத் திருப்பித் தந்ததற்காக இங்கே பலர் வருந்தினர். மறுநாள் விடியுமுன் அவர் அங்கேயே உயிர் நீத்தார். மோட்டார் கார் வாங்க வங்கியில் பெற்ற 5,000 ரூபாய்க் கடன் நின்றது. அதனை லலிதா அம்மையார் தம் ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார்.

அவர் ஆண்டது 19 மாதங்களே. மலையகத்தார்க்கு நேர்ந்த துயரை அவர் கணக்கிலிருந்து நாம் நீக்கவில்லை. எனினும் துலாக்கோல் எப்பக்கம் சாய்கிறது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. தம் கீழ் நேர்ந்த பிழையைப் பிறர்மேல் சுமத்தாமை, தவறு தெரிந்தபின் திருந்துதல், மக்களிடம் கேட்கும் தியாகத்தைத் தம் வீட்டில் முதலில் தொடங்குதல் ஆகிய மூன்றும் பதவிக்கு வந்தபின் அவர் கற்றவை அல்ல. பிரதமராவதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே அரியலூரில் அவர் யாரென்பது தெரிந்துவிட்டது. வாக்குச் சாவடிக்குச் செல்லுமுன், நம்முன் நிற்கும் தலைவருடைய வாழ்விலும் அத்தகையதொரு நாளைத் தேடிப் பார்ப்போமாக.