நேர்வழி நாடிய குணங்குடியார்

ஆரணியை அடுத்த தேவிகாபுரத்துப் பட்டுத்தறிகளைக் கண்டோர் ஓர் உண்மையை அறிவர். பாவு எத்துணை ஒழுங்காகப் பூட்டப்பட்டிருப்பினும், நெசவாளர் ஊடையைச் செலுத்தி நெய்தாலன்றிச் சேலை உருவாவதில்லை. இறைவனின் வழிகாட்டுதலும் அத்தகையதே எனலாம். வழியை அவன் அமைத்து வைக்கின்றான். நடப்பது நம் கடமை. நாள்தோறும் கடமையான 17 ரக்அத்துகளிலும் நேர்வழி காட்டுமாறு நாம் இறைஞ்சுகின்றோம். இறைஞ்சி எழுந்தபின் அவ்வழியில் ஓர் அடியேனும் எடுத்து வைக்கின்றோமா என்பதே வினா. இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள்.

இராமநாதபுரச் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடி என்னும் சிற்றூரில், நயினா முகம்மது, பாத்திமா இணையருக்கு மகனாக 1792ஆம் ஆண்டில் அவர் பிறந்தார் என்பர். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். இளமையிலேயே கீழக்கரை சென்று, தைக்கா சாகிபு என்று போற்றப்பெற்ற ஆலிம் பெருந்தகையிடம் மார்க்கக் கல்வி பயின்றார். அரபுக் கல்வியோடு தமிழையும் ஆழ்ந்து கற்றார்.

பதினேழாம் வயதளவில் மாமன் மகளை அவருக்கு மணமுடிக்கப் பெற்றோர் விரும்பினர். அவர் உள்ளமோ வேறொன்றை நாடியது. உற்றார் வருந்த, மணத்தை மறுத்து இல்லம் நீங்கினார். அன்று அவர் கையில் நூலும் இல்லை. கவிஞர் என்ற பெயரும் இல்லை. தாம் எதற்காகப் படைக்கப்பட்டோம் என்பதை அறிந்தாக வேண்டும் என்ற வேட்கை ஒன்றே இருந்தது. நோக்கம் தெளிந்தபின் அவர் புறப்படவில்லை. புறப்பட்டபின்னரே நோக்கம் தெளிந்தது. நாம் ஊன்றி நோக்கத்தக்க இடம் இதுவேயாகும்.

வேட்கை மட்டும் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. திரிசிரபுரம் சென்று மௌலவி ஷாம் சாகிபு அவர்களிடம் ஞானதீட்சை பெற்றார். திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் நாற்பது நாட்கள் தனித்திருந்து தவம் இயற்றினார். அறந்தாங்கிப் பகுதியிலும், சதுரகிரி முதலிய மலைகளிலும் தியானத்தில் தோய்ந்தார். கல்வி, குருவின் துணை, தனிமையில் தன்னாய்வு என ஒவ்வொரு படியாக அவர் ஏறிச் சென்றமை கருதத்தக்கது. ஒரே நாளில் ஒளி பெற அவர் விழையவில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இல்லறத்தைத் துறத்தலை இஸ்லாம் கடமையாக்கவில்லையே. இவரை மாணவர்க்கு முன்மாதிரியாகக் காட்டலாமா? ஐயம் நேரியதே. நபிகள் நாயகம் அவர்களின் வாழ்வு இல்லறத்தில் நின்று இறைவழி நடந்த வாழ்வு. ஆதலின் குணங்குடியாரிடம் நாம் கொள்ளத்தக்கது வீடு துறத்தலை அன்று. வாளாவிருத்தலைத் துறத்தலையே ஆகும். பெற்றோரைப் பேணிக்கொண்டும், தறியில் அமர்ந்துகொண்டும், வகுப்பறையில் பயின்றுகொண்டும் அத்துறவை மேற்கொள்ள இயலும்.

மலைகளிலேயே அவர் தங்கிவிடவும் இல்லை. வட சென்னைக்கு வந்து, அந்நாளில் முட்புதர் மண்டிக் கிடந்த இராயபுரத்தில் அமர்ந்தார். பித்தரென்று எண்ணியோரும் உண்டு. இறையன்பில் மயங்கியவர் என்னும் பொருள்பட மஸ்தான் என்ற பெயர் நிலைத்தது. தொண்டியிலிருந்து வந்தமையால் தொண்டியார் எனவும் அழைக்கப்பட்டார். பராபரக்கண்ணி, எக்காலக்கண்ணி, மனோன்மணிக்கண்ணி, அகத்தீசர் சதகம் முதலிய பாடல்கள் அவரது ஞானத்தின் விளைவுகள். சித்தர் மரபுச் சொற்களையும் தாயுமானவரின் நெறியையொத்த நடையையும் அவர் தயங்காது கையாண்டார். இச்சொல்லாட்சி பற்றி நம் பெரியோரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், பாடல்களின் உயிர்நாடி ஓரிறையை நாடி உருகும் உருக்கமே என்பதை எவரும் மறுக்க இயலாது.

அவ்வுருக்கம் சமய எல்லைகளைக் கடந்தது. ஐயாசாமி முதலியார் அவர்தம் சீடரானார். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். தமக்கென வழிதேடிப் புறப்பட்ட ஒருவர் பிறருக்கும் வழித்துணையானார் என்பதற்கு இவை சான்றுகள். 1838ஆம் ஆண்டு இராயபுரத்தில் அவர் மறைந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பெற்றார். ஐம்பதை எட்டாத அவ்வாழ்வு, தமிழுக்கு அழியாச் செல்வமாயிற்று.

வாழ்வின் நோக்கம் தானே வந்தெய்தும் என்று காத்திருக்கும் மாணவச் செல்வங்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். முதல் ஊடையைச் செலுத்தும்போதே முழுச் சேலையும் நெசவாளர் கண்முன் விரிவதில்லை. எனினும் அவர் தறியைவிட்டு எழுவதில்லை. ஒவ்வோர் இழையாக நெய்து முன்செல்கின்றார். தெரிந்த நன்மையை இன்றே செய்வோம். தெரியாததைக் கற்றோரிடம் கேட்போம். எஞ்சியதை இறைவனிடம் ஒப்படைப்போம். நடப்பவர்க்கே வழி புலனாகும் என்பதைக் குணங்குடியார் வாழ்ந்து காட்டிச் சென்றார்.