கொச்சி செபக்கூடத்தில் ஒரு சத்தியாக்கிரகி



நற்செய்தி வாசகங்களில் ஓய்வு நாள் என்ற சொல்லை எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். நாசரேத்துச் செபக்கூடத்தில் யேசு எழுந்து நின்று ஏசாயாவின் சுருளேட்டை வாசித்ததும் ஓர் ஓய்வு நாளில்தான். ஆனால் அந்த நாளை யூத மக்கள் எப்படி அனுசரிக்கிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டறிய, பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் வாழும் நமக்கு வாய்ப்பு இல்லை. நமக்கு அண்மையில் அவர்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த இடம் கேரளத்துக் கொச்சி. அந்த ஊரில் 1882ஆம் ஆண்டு பிறந்த ஆபிரகாம் பாரக் சாலேம் என்பவரைப் பற்றி இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். யூத காந்தி என்று பெயர் பெற்றவர் அவர்.

முதலில் அந்த நாளின் ஒழுங்கைச் சற்றுத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன் வீட்டுத் தாய் விளக்கேற்றி ஆசிமொழி சொல்வாள். கொச்சி வீடுகளில் அது எண்ணெய் விளக்கு. பிறகு குடும்பத் தலைவர் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, அந்த நாளைப் புனிதப்படுத்தும் செபத்தைச் சொல்வார். கிண்ணத்தில் இருக்க வேண்டியது திராட்சை இரசம். அது எளிதில் கிடைக்காத கொச்சியில், உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாறு அதற்குப் போதுமானதாக இருந்தது. பாலைவனத்தில் ஓய்வு நாளுக்கென்று இருமடங்கு மன்னா கிடைத்ததன் நினைவாக, இரண்டு அப்பங்கள் மேல் ஆசி கூறப்படும். மறுநாள் இரவு நட்சத்திரம் தோன்றிய பின் இரசம், வாசனைப் பொருள், தீபம் ஆகியவற்றின் மேல் ஆசி கூறி அந்த நாளை வழியனுப்புவார்கள்.

இவையெல்லாம் வீட்டிலேயே நடப்பவை. செபக்கூடத்துக்கு வேறு சட்டம் உண்டு. வளர்ந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் மோசேயின் திருச்சட்டச் சுருளைத் திறந்து வாசிக்கலாம். ஓய்வு நாள் காலையில் ஏழு பேரை ஒருவர் பின் ஒருவராக அழைப்பார்கள். ஒவ்வொருவரும் வாசகத்துக்கு முன்னும் பின்னும் இறைவனைப் போற்றி ஆசிமொழி சொல்ல வேண்டும். அப்படி அழைக்கப்படுவது பெரிய கௌரவம்.

சாலேமின் வழக்கு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மட்டாஞ்சேரியில் 1568ல் கட்டப்பட்ட பரதேசி செபக்கூடம் இன்றும் நிற்கிறது. அதன் சீனத்து நீலவண்ண ஓடுகளைப் பார்க்க உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அங்கே ஒரு காலத்தில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததியார் இருந்தனர். அவர்களும் யூதர்களே, அதே விளக்கை ஏற்றினார்கள், அதே செபத்தைச் சொன்னார்கள். ஆனால் செபக்கூடத்தின் இருக்கைகளில் அவர்கள் உட்காரக்கூடாது. திருச்சுருளை வாசிக்க அவர்களை அழைப்பதில்லை. வெள்ளையர் எனப்பட்ட யூதர்களோடு பெண் கொடுத்து எடுக்கவும் வழியில்லை. சாலேம் பிறந்தது அந்தச் சந்ததியில்.

இதை யூதச் சட்டம் விதித்தது என்று எண்ணிவிடாதீர்கள். முறைப்படி விடுதலை பெற்ற அடிமை முழு யூதன் என்பதே சட்டம். பழைய நூல்களில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ரபி எலியேசர் செபக்கூடத்துக்கு வந்தபோது பத்துப் பேர் சேரவில்லை. உடனே தம் அடிமைக்கு விடுதலை கொடுத்து, அவனையே பத்தாவது ஆளாக நிறுத்திச் செபத்தை நடத்தினாராம். கொச்சியின் பாகுபாட்டைப் பற்றி 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோ நகரத்துப் பெரிய ரபியான தாவீது இபின் சிம்ராவிடம் கேட்டார்கள். அவர் கொடுத்த தீர்ப்பும் தள்ளிவைக்கப்பட்டவர்களுக்குச் சாதகமாகவே இருந்தது. தீர்ப்பு வந்தது; வழக்கம் மாறவில்லை. சுற்றிலும் இருந்த சாதிக் கட்டுமானம் செபக்கூடத்துக்குள்ளும் புகுந்திருந்தது. நாமும் இதைக் கேட்டு வியக்க வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே பூசை கண்ட இரு சாதியாரைப் பிரித்து ஆலயத்துக்குள் சுவர் நின்றதும், 1910ல்தான் அது இடிக்கப்பட்டதும் நம் முன்னோர் அறிந்த செய்தியே.

சாலேம் படிப்பில் முன்னேறினார். கொச்சி யூதர்களில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவர்தான். சட்டம் பயின்று எர்ணாகுளத்தில் வழக்கறிஞரானார். 1925 முதல் 1931 வரையும், மீண்டும் 1939 முதல் 1945 வரையும் கொச்சி சமஸ்தானத்தின் சட்டசபையில் இருந்தார். தொழிற்சங்க இயக்கம் அரும்பிய காலத்திலேயே அதற்குத் துணை நின்றார். சங்கச் சந்தா கட்டி வளர்ந்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும். 1929 கடைசியில் லாகூர் காங்கிரசுக்கும் போய், பூரண சுயராச்சியத் தீர்மானத்தைக் கண்டு வந்தார்.

வெளியே இத்தனை மதிப்புப் பெற்ற மனிதர், ஓய்வு நாள் காலையில் செபக்கூடத்தில் மட்டும் இடமில்லாதவர். முதலில் அவர் அங்கே போவதையே சில காலம் நிறுத்திவிட்டார். அதன் விலையை எண்ணிப் பாருங்கள். விளக்கையும் இரசத்தையும் அப்பத்தையும் வீட்டில் ஆசீர்வதிக்கலாம்; பத்துப் பேர் இல்லாமல் திருச்சுருளைத் திறக்க முடியாது. பின்னர் காந்தியடிகள் காட்டிய வழியில், கையை ஓங்காமல், செபக்கூடத்துக்கு உள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். வேறு செபக்கூடம் கட்டிக்கொண்டு பிரிந்து போவது எளிதாயிருந்திருக்கும். அவர் தமக்குரிய இடத்தை அங்கேயேதான் கேட்டார். அவருடைய மனவுறுதியை நான் மிகவும் மதிப்பது இதற்காகவே.

பலன் ஒரே நாளில் வரவில்லை. 1930களில் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. தள்ளிவைக்கப்பட்டவர்கள் இருக்கையில் அமர்ந்தார்கள். பின்பு திருச்சுருளின் முன் நின்று ஆசிமொழியும் சொன்னார்கள். திருமணத் தடைதான் கடைசிவரை நின்றது. 1950ல் சாலேமின் மகன் ஒருவரே வெள்ளையர் குடும்பத்துப் பெண்ணை மணந்து அதையும் உடைத்தார்.

அதற்குள் வேறொரு மாற்றம் வந்துவிட்டது. இஸ்ராயேல் நாடு 1948ல் உருவானதும் கொச்சி யூதர்கள் அங்கே குடியேறப் புறப்பட்டார்கள். அவர்களுக்காக சாலேமே அங்கு சென்று பேசி வழிசெய்தார். 1955க்குள் பெரும்பாலோர் போய்விட்டார்கள். பெட்டியும் படுக்கையுமாகத் தலைமன்னாருக்குப் போன உறவினரை வழியனுப்பிய வீடுகள் நம் ஊவாத் தோட்டங்களிலும் உண்டு. அந்தப் பிரிவை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஊராருக்கு வழி செய்து கொடுத்த சாலேம் மட்டும் கொச்சியிலேயே தங்கி, 1967ல் அங்கேயே கண்மூடினார்.

அவருக்குப் பின் ஆண்டுக்கு ஆண்டு ஆட்கள் குறைந்தார்கள். யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்று தலைமுறைகளாக வாதாடிய அந்தச் செபக்கூடத்தில், ஓய்வு நாள் செபத்தைத் தொடங்குவதற்கு, வெளியூரிலிருந்து யாராவது பத்தாவது ஆளாக வரமாட்டாரா என்று வாசலைப் பார்த்திருக்கும் நிலை வந்தது.