கொக்கோஸ் தீவில் ஒரு மணி நேரம்

சென்ற விடுமுறையில் வாப்பா எங்களைச் சாட்டிக் கடற்கரைக்குக் கூட்டிச் சென்றார். உப்புக் கடலுக்கு இத்தனை அருகில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் இருப்பது எனக்கு எப்போதும் அதிசயம்தான். தம்பி வெள்ளை மணலில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தான். வாப்பா கடலைப் பார்த்தபடி, இதைவிடச் சின்ன ஒரு மணல் தீவில் எங்கள் நாட்டு இளைஞர்கள் பீரங்கிக் காவல் இருந்த கதை தெரியுமா என்று என்னிடம் கேட்டார். தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் நான் வரைந்த இரண்டாம் உலகப் போர் வரைபடத்தில் ஸ்டாலின்கிராட் இருந்தது, நோர்மண்டி இருந்தது. கொக்கோஸ் தீவுகள் இல்லை. வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். அப்படி அறிந்ததுதான் கிரேஷன் பெர்னாண்டோவின் வாழ்க்கை.

அவர் சிங்கள இளைஞர். இலங்கைப் பீரங்கிப் படையில் பொம்பார்டியர் என்னும் சிறு பதவியில் இருந்தார். வெள்ளையர் ஆட்சியை வெறுத்தவர். இடதுசாரிக் கருத்துகளில் ஈடுபாடு உள்ளவர். அப்படிப்பட்டவர் வெள்ளையரின் படையில் இருந்தது முரண்தான். அவரை அனுப்பிய கொக்கோஸ் தீவுகள் கொழும்பிலிருந்து 2,500 கிலோமீற்றருக்கும் அப்பால், இந்து சமுத்திரத்தின் நடுவில் இருக்கின்றன. அங்கு வாழ்பவர்கள் பெரும்பாலும் மலாய் முஸ்லிம்கள். தென்னந்தோட்ட வேலைக்காகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர். கடலடித் தந்திக் கம்பி அவ்வழியே போனதால்தான் அந்தச் சிறு தீவுகளுக்குப் பீரங்கிக் காவல் தேவைப்பட்டது.

1942ஆம் ஆண்டு ஆசியா முழுவதும் கலங்கியிருந்தது. பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் கிறிஸ்மஸ் தீவிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் தங்கள் பிரித்தானிய மேலதிகாரிகளைக் கொன்றார்கள். மாத முடிவில் ஜப்பானியர் அங்கு இறங்கினார்கள். ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. மட்டக்களப்புக் கடலில் ஹேர்ம்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் முந்நூறுக்கு மேற்பட்டவர்களோடு மூழ்கியது. வெள்ளையரின் ஆட்சி முடிந்துவிட்டது என்று ஓர் இளைஞர் நம்பியிருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. ஹோர்ஸ்பர்க் தீவிலிருந்த படையினருக்குத் தங்கள் வெள்ளைக்காரக் கப்டன்மீதும் மனத்தாங்கல் இருந்தது.

மே 8ஆம் திகதி இரவு பெர்னாண்டோவும் கூட்டாளிகளும் கலகம் செய்தார்கள். அதிகாரிகளைப் பிடிப்பது, பீரங்கிகளைக் கைப்பற்றுவது, பிறகு ஜப்பானியருக்குச் சைகை கொடுப்பது என்பதே திட்டம். பெர்னாண்டோவின் இயந்திரத் துப்பாக்கி இடையில் சிக்கிக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அதற்குள் ஒரு சிப்பாய் இறந்துபோனார். அவரும் இலங்கையர்தான்.

இராணுவ நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. நால்வருக்கு அது குறைக்கப்பட்டது. கருணை கேட்க பெர்னாண்டோ சம்மதிக்கவில்லை. 1942 ஓகஸ்ட் 5ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதே வாரத்தில் கார்லோ கௌடரும் டி சில்வாவும். அந்தப் போரில் கலகக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாயப் படையினர் இந்த மூவர் மட்டுமே என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அதன் பிறகு இலங்கைப் படைப்பிரிவு எதையும் பிரித்தானியர் போர்முனைக்கு அனுப்பவில்லை.

பெர்னாண்டோவைத் தியாகி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அவர் வரவேற்க நினைத்த ஜப்பானியப் படைதான் பிறகு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனது. ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. மே மாதத்தில் அது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. துரோகி என்று சொல்லவும் மனம் வரவில்லை. அந்த இரவில் இறந்த சிப்பாயின் தாயைத்தான் நினைக்கிறேன். மகனைக் கொன்றது ஜப்பானியக் குண்டு அல்ல என்ற செய்தி அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்?

வீடு திரும்பும்போது சாட்டித் துயிலும் இல்லத்தைக் கடந்தோம். 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது உம்மா சின்னப் பிள்ளை. உடுத்த உடுப்போடு போனதை இன்றும் சொல்வார். அந்த இடம் வந்ததும் வானில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தச் சொன்னவர் உம்மாதான். பண்ணைப் பாலம் வரும்வரை யாரும் அதைத் திரும்பப் போடவில்லை.