மயிரிழை அளவும் மலிவு விலையும்: ஜி.டி. நாயுடு

கண்டுபிடிப்பாளர் என்றதும் எடிசனையும் கிரகாம் பெல்லையும் நினைக்கும் நாம், பட்டறையையே பல்கலைக்கழகமாக்கிக் கொண்ட ஒருவரை எளிதில் மறந்து விடுகிறோம். அவர்தான் கோவை ஜி.டி. நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு நாட்டமில்லை. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டதும் அவருடைய வாழ்க்கையே திசை மாறியது. கோவைக்குச் சென்று ஓட்டலில் பரிமாறுபவராக வேலை செய்து பணம் சேர்த்தார். அந்த வண்டியை விலைக்கு வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடியும் பூட்டினார். அவர் படித்த முதல் பாடப்புத்தகம் அதுதான்.

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

1937இல் கோவை பீளமேட்டில் து. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து அவர் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுகிறது. இதன் அருமையை உணர, பொறியியலில் டாலரன்ஸ் எனப்படும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். எந்தப் பாகத்தையும் குறித்த அளவில் துல்லியமாகச் செய்ய முடியாது. எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்ற வரம்பே டாலரன்ஸ். மோட்டாரில் சுழலும் பாகத்துக்கும் அதைச் சுற்றி நிற்கும் பாகத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைந்த இடைவெளி இருக்கும். அது கூடினால் மின்சாரம் வீணாகும். குறைந்தால் இரண்டும் உரசி மோட்டாரே பாழாகும்.

இந்தப் பாடத்தை உலகம் கற்றது பெரும்பாலும் ஆயுதத் தொழிற்சாலைகளில்தான். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அரசின் ஆயுதச் சாலைகள், ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றிலும் பொருந்த வேண்டுமென்று அளவுமானிகளைக் கொண்டு சோதித்தன. சுழல் கைத்துப்பாக்கியில் தோட்டா உருளைக்கும் குழலுக்கும் இடையிலான சந்து பெரிதானால் வெடிவாயு பக்கவாட்டில் கசிந்து வேகம் குறையும். மிகவும் சிறிதானால் கரி படிந்து உருளை சுழலாமல் சிக்கிக்கொள்ளும். வரம்பை இறுக்க இறுக்க, நல்ல இயந்திரமும் அதிக நேரமும் வேண்டும், கழித்துப் போடும் பாகங்களும் கூடும், விலையும் ஏறும். ஆகவே எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்று அறிவதே நல்ல தயாரிப்பாளரின் திறமை.

அம்பாங்கான் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமார்களுக்கு இது புதிதன்று. ரப்பர் பால் கட்டியை ஷீட்டாக உருட்டும் இயந்திரத்தில் இரண்டு உருளைகளுக்கும் நடுவே சந்து அகலமானால் ஷீட் தடித்துப் போய்க் காயாது. அதற்குத் திருகாணியைத் திருப்பத் தெரிந்தவர்கள் அவர்கள். பொறியியல் என்ற பெயர்தான் அவர்களுக்குத் தெரியாது.

நாயுடுவின் நோக்கம் தரமான பொருளை ஏழையும் வாங்கும் விலையில் தருவது. உலர் மின்கலத்தில் இயங்கும் சவரக் கருவி, மிக மெல்லிய சவரத் தகடு, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று அவர் படைத்தவை பல. ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941இல் அறிவித்தார். 1952இல் இருவர் அமரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். ஆனால் அரசாங்கம் உரிமம் தர மறுத்ததால் தயாரிப்பு நின்றுபோனது. உலோகத்தில் மயிரிழை அளவை வென்றவரால் ஒரு காகிதத்தை வெல்ல முடியவில்லை.

கல்வியிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தோன்றக் காரணமாக இருந்து, அதன் முதல்வராகவும் பணியாற்றினார். நான்காண்டுப் படிப்பு நேரத்தை வீணாக்குகிறது, இரண்டாண்டே போதும் என்பது அவர் கருத்து. அரசு அதை ஏற்காததால் பதவியை விட்டு விலகினார். அக்கல்லூரியே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். கோவை இன்று மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்ற நகரம். 2025இல் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலம் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

நண்பர்களே! நம்மில் பலர் நான்காண்டுப் படிப்பை முடித்துச் சான்றிதழோடு வெளியேறுகிறோம். ஒரு திருகாணியையாவது நம் கையால் கழற்றிப் பூட்டியிருக்கிறோமா? நாயுடுவின் வாழ்க்கை நம்மிடம் கேட்கும் கேள்வி அதுவே. பட்டம் பெறுவதற்கு முன்பே அதற்கு விடை தேடுவோம்.